அன்று அவர் கையில் கிட்டார் இல்லை

கிட்டாரண்ணே,

உங்கள் சொந்தப் பெயரை என்னால் ஒரு நாளும் ஒழுங்காகச் சொல்ல முடிந்ததில்லை. பாதியிலேயே நாக்கு மடங்கிவிடும். மூன்று நாள் பழக்கிப் பார்த்துவிட்டு, "வேணாம் விடு, நீ கூப்பிடுறது நல்லா இருக்கு" என்றீர்கள். அதனால் அப்படியே கூப்பிடுகிறேன். உங்களைப் பற்றிய ஒரு பொய்க்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இனி நான் பேசப்போவது மற்றவர்களிடம். நான் பிழையாகச் சொன்னால் நிறுத்திக் கேட்க நீங்கள் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

இலங்கை மலையகத்தில், டிக்கோயாவில் பஸ் எடுத்து மேலே வந்தால் எங்கள் தேயிலைத் தோட்டம். இங்கே யாரிடம் கேட்டாலும் ஒரே கதைதான் சொல்வார்கள். வெள்ளைக்காரன் ஏழாம் நம்பர் மலையில் மரத்தடியில் உட்கார்ந்து கிட்டார் வாசித்தான், சத்தத்துக்குக் குளவி கலைந்தது, கொட்டிச் செத்துப்போனான். பொலிசுக்குப் போன கடுதாசியிலும் அப்படித்தான் இருக்கிறது. கீழே என் கையெழுத்து இருக்கிறது. எனக்கு அது பொய் என்று தெரியும். தெரிந்தேதான் போட்டேன்.

அவர் குரோஷியா என்ற நாட்டுக்காரர். கடலோர ஊர், அப்பாவுக்குக் கப்பல் கட்டும் இடத்தில் வெல்டிங் வேலை. அவர் பாட்டு எழுதி கிட்டார் வாசித்தவர், பிறகு புத்தகம் எழுதியவர். எங்கள் தோட்டத்தில் கணக்கெழுதும் கிளாக்கர் முன்பு இருந்த பழைய பங்களாவை ஹட்டன் டவுனில் கடை வைத்திருக்கும் முதலாளி ஒருவர் எடுத்து, வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறார். நான் அங்கே சமையல். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். இரண்டு வாரத்துக்கு என்று வந்தவர் ஒரு வருசத்துக்கு மேல் இருந்துவிட்டார்.

ஆள் நல்ல உயரம். தலையில் ஒரு முடி கிடையாது. ஒரே ஒரு பச்சை ஸ்வெட்டர், கையில் நெருப்புப் பட்ட ஓட்டை. தமிழை எங்கள் லயத்து, தொழிலாளர் வரிசை வீட்டு, பிள்ளைகளிடம்தான் படித்தார். அதனால் தோட்டத்து மனேஜர் தொரையையும் நீ, நாயையும் நீ. தொரை ஒருமுறை முகம் சிவந்து நின்றதைப் பார்த்து நான் அடுப்படிக்கு ஓடிப்போய்ச் சிரித்தேன்.

அவரிடம் ஒரு குணம் இருந்தது. ஒருவரைப் பற்றி நடக்காததைச் சொன்னால் அவரால் சும்மா இருக்க முடியாது. பெரிய பொய் சின்னப் பொய் என்று பார்க்க மாட்டார். நல்லதற்குச் சொன்னாலும் விட மாட்டார். கையை உயர்த்தி, "நில்லு, அப்படியா நடந்துச்சு?" என்பார்.

வந்த புதிதில் முதலாளி அவரிடம், பங்களாவைப் பற்றி இன்டர்நெட்டில் நாலு நல்ல வார்த்தை எழுதச் சொன்னார். எழுதினார். "சுடுதண்ணி எப்போதும் வரும் என்று போட்டிருக்கிறார்கள். விறகு காய்ந்திருந்தால் வரும். ஒரு பெண் விடிவதற்கு முன் எழும்பி அடுப்பு மூட்டுகிறாள். மழைக்காலத்தில் அவள் இருமுகிறாள்." முதலாளி மறுநாளே வான் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"ஏன் புள்ள, இந்த மனுசனுக்கு ஒரு சின்னப் பொய் சொன்னா வாய் வெந்து போயிருமா?"

"எனக்கு என்னாங்க தெரியும் முதலாளி. நான் இருமுறேன்னு நானா சொன்னேன்?"

"இருமாத. வெள்ளக்காரன் இருக்கிற வரைக்கும் இருமாத."

ஆனாலும் அடுத்த வாரம் கேஸ் அடுப்பு ஒன்று வந்தது. அந்த நன்றி எனக்கு இருந்தது, கூடவே கொஞ்சம் பயமும் வந்தது. இந்த ஆள் நாளைக்கு என்னைப் பற்றி எதைச் சொல்லிவைப்பாரோ என்று.

பயந்தது போலவே நடந்தது, எனக்கில்லை, அம்மாவுக்கு. அம்மா கொழுந்து பறிக்கிறாள். சாயங்காலம் அவர் லயத்துக்கு வந்து எங்கள் இஸ்தோப்பில், வாசல் திண்டில், உட்கார்ந்து பெண்கள் பேசுவதைக் கேட்பார். கேட்டதை ஒரு சின்னக் கொப்பியில் எழுதுவார். எழுதியதைச் சொன்னவரிடமே தமிழில் வாசித்துக் காட்டுவார். சரி என்றால்தான் அந்தப் பக்கத்தை வைத்திருப்பார். ஒரு நாள் அம்மா அப்பா செத்த கதையைச் சொன்னாள். கொழுந்து மூட்டை தூக்கும்போது நெஞ்சு வலித்து விழுந்தார் என்று. நாங்கள் ஊருக்கெல்லாம் சொல்கிற கதை அதுதான். பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தி வேறு மாதிரி சொல்லியிருக்கிறாள் போல. இவர் நாலு பேர் இருக்கும்போது கொப்பியைப் புரட்டி, "அம்மா, நீ நெஞ்சுவலி சொன்ன. அவங்க கசிப்பு சொல்றாங்க. எது?" என்று கேட்டார்.

அம்மா அவர் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைப் பிடுங்கி வாசலில் ஊற்றினாள்.

"போய்யா. ஓம் பாட்டப் போய் பாடு. எம் புருசன் செத்தது எனக்குத் தெரியும்."

ஒரு வாரம் அவர் லயத்துப் பக்கம் வரவில்லை. நானும் சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் வந்துவிடுவேன். எட்டாவது நாள் அம்மாவே பங்களாவுக்கு ஏறி வந்தாள். அடுப்படியில் ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே அப்பா கசிப்பு, கள்ளச்சாராயம், குடித்தார் என்றும், செத்த அன்று அவர் கேட்டு அழுதபோது தானே போய் வாங்கி வந்து கொடுத்ததாகவும் சொன்னாள். நான் அதை அதற்கு முன் கேட்டதில்லை. அவர் எழுதவே இல்லை, பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"எழுதுறதுன்னா எழுதுங்க தம்பி" என்றாள் அம்மா. "எனக்கு இப்ப கொஞ்சம் மூச்சு வருது."

அவருக்கு ஏன் இந்தக் குணம் வந்தது என்று ஒரு மழை நாளில்தான் தெரிந்தது. கரண்ட் போயிருந்தது. சாயங்காலம் அஞ்சு மணி இருக்கும், மூடுபனி ஜன்னல் வரைக்கும் வந்து நின்றது. கிட்டாரை அவர் அறையை விட்டு வெளியே எடுக்க மாட்டார். எங்கள் ஊர் ஈரத்துக்கு மரம் ஊதிவிடும் என்பார், கட்டிலில் போர்வை போர்த்திப் படுக்கவைத்திருப்பார். அன்றைக்கு அறைக்குள் மெதுவாக எதையோ வாசித்துக்கொண்டிருந்தார். நான் போனில் தேடி அவருடைய பழைய பாட்டு ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். பெரிய மைதானம், ஆயிரமாயிரம் சனம், தலை நிறைய முடியோடு இவர். சனம் முழுக்கப் பாடுகிறது. சந்தோசமாகக் கொண்டுபோய்க் காட்டினேன். பார்த்தவுடன் போனைக் கவிழ்த்து வைத்தார்.

பிறகு சொன்னார். பாதி தமிழ், பாதி கை, மிச்சத்தைப் போனில் மொழிபெயர்த்துக் காட்டினார். அவர் ஊரில் சண்டை நடந்த காலத்தில் கூட்டாளி ஒருவன் செத்துப்போனான். அவனைப் பற்றித்தான் அந்தப் பாட்டு. பாட்டில் அந்தப் பையன் துவக்கோடு பாலத்தைக் காத்து நின்று சாகிறான். உண்மையில் அவன் பயந்து ஓடியிருக்கிறான். வீட்டில் பூட்டி வைத்த கோழிகளைத் திறந்துவிடத் திரும்பி ஓடும்போது செல் குண்டு விழுந்திருக்கிறது. பாட்டு நாடு பூராவும் பரவியது. இவர் பெரிய ஆளானார். ஒரு நாள் அந்தப் பையனின் அம்மா இவர் வீட்டுக்கு வந்தாராம்.

"என்னா சொன்னாங்க?"

"'எம் மகன் பயந்தாங்கொள்ளி. கோழின்னா உசிரு. அவன எங்கிட்டேர்ந்து எடுத்துட்டு வேற ஒருத்தன வச்சிட்ட. நான் இப்ப யார நெனச்சு அழுவுறது?' அப்படி."

அதற்குப் பிறகு அவர் அந்தப் பாட்டைப் பாடவில்லை. மேடையில் சனம் கத்திக் கேட்டாலும் பாட மாட்டாராம். கூட வாசித்தவர்கள் கோபித்துக்கொண்டு போனார்கள். இவர் புத்தகம் எழுத ஆரம்பித்தார், நடந்ததை நடந்தபடி.

"பாட்டு கேட்டது நாடே. புத்தகம் வாசிச்சது ஒரு பஸ்" என்று சிரித்தார். "பஸ்ல சீட்டும் காலி."

ஏழாம் நம்பர் மலைக்கு வருகிறேன்.

அங்கே ஒரு பெரிய சவுக்கு மரம். அதன் கொப்பில் குளவிக்கூடு, முறம் அளவுக்கு. பெண்கள் கண்டாக்கையாவிடம் சொன்னார்கள். மலையில் வேலையைப் பார்க்கும் உத்தியோகத்தர் அவர், கூட்டை எடுக்க ஆள் அனுப்ப வேண்டியவர். எடுக்கிறேன் என்றார். பிறகும் சொன்னார்கள். எடுத்தாச்சு என்றார். கூடு அங்கேயே இருந்தது. எங்கள் ஆட்கள் மூன்றாம் முறை போய்ச் சொல்ல மாட்டார்கள். சொன்னவளைப் பார்த்து வைத்துக்கொண்டு செங்குத்தான மலைக்கு அனுப்புவார்கள்.

ஒரு நாள் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு இவர் போனார். எல்லாப் பெண்களும் வரிசையில் நிற்கிறார்கள். கண்டாக்கையா தராசுக்குப் பக்கத்தில். நானும் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன்.

"நீ கூடு எடுத்தாச்சு சொன்ன. நான் இப்ப பாத்துட்டு வர்றேன். கூடு இருக்கு."

"இது தோட்டத்து வேல மிஸ்டர். நீங்க டூரிஸ்ட்."

"ஆமா நான் டூரிஸ்ட். கூடு டூரிஸ்ட் இல்ல. அங்கதான் இருக்கு."

ஒரு பெண் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புதான் கெடுத்தது. கண்டாக்கையா வரிசையை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். யார் போய்ச் சொன்னது என்று தேடுகிற பார்வை. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். வீட்டுக்குப் போகும் வழியில் நான் அவரைப் பிடித்துத் திட்டினேன்.

"அண்ணே, நீங்க ஒரு நாளைக்கு பெட்டியத் தூக்கிட்டு ஊருக்குப் போயிருவீங்க. நாங்க எங்க போறது? இதே லயம், இதே கண்டாக்கு."

அவர் நின்றுவிட்டார். "நான் பிழ பண்ணிட்டேனா?"

"நீங்க சொன்னது சரி. சொன்ன எடம் பிழ."

"எந்த எடம் சரி?"

அடுத்த நாளிலிருந்து ஏழாம் நம்பர் மலைக்கு அனுப்பிய கூட்டத்தில் அம்மாவின் பெயர் இருந்தது. அதைப் பார்த்துக் கிட்டாரண்ணனும் தினமும் பத்து மணித் தேத்தண்ணி நேரத்துக்கு அங்கே போக ஆரம்பித்தார், கொப்பியை மட்டும் எடுத்துக்கொண்டு.

குளவி கலைந்த அன்றைக்கு நான் பங்களாவில் பருப்பு கழுவிக்கொண்டிருந்தேன். மலையில் சத்தம் கேட்டது. குளவி வந்தால் கத்தக்கூடாது, ஓடக்கூடாது. இடுப்பில் கட்டியிருக்கும் படங்கை, அந்தத் தடித்த சாக்குத் துணியை, அவிழ்த்துத் தலையோடு போர்த்திக்கொண்டு, தேயிலைச் செடிக்கு அடியில் குப்புறப் படுக்க வேண்டும். இங்கே பிறந்த பிள்ளைக்கும் தெரியும். அதனால்தான் அந்தச் சத்தம் என்னைக் கொன்றது. யாரோ கத்துகிறார்கள் என்றால் யாருக்கோ படுக்க முடியவில்லை. வெளியே ஓடும்போது அவர் அறைக் கதவு திறந்து கிடந்தது. கட்டிலில் போர்வைக்குள் கிட்டார். பார்த்தேன். இதை நன்றாகப் பார்த்தேன்.

கொழுந்து லொறியில்தான் எல்லாரையும் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அம்மாவின் முகம் பானை மாதிரி வீங்கி, கண் இரண்டும் மூடிவிட்டது. அவர் தலையைப் பார்க்க முடியவில்லை. அவர் என்னைப் பார்த்தாரா என்று தெரியாது. பின்னேரம் மூன்று மணிக்கு முடிந்துவிட்டது.

மறுநாள் காலையில் ஆள் வைத்துக் கூட்டை எடுத்துவிட்டார்கள். அதற்கு அடுத்த நாள் கண்டாக்கையா சிங்களத்தில் டைப் அடித்த கடுதாசியோடு லயத்துக்கு வந்தார். என்ன எழுதியிருக்கிறது என்று அவரே சொன்னார்.

"வெளிநாட்டு ஆள். எம்பஸி கேக்கும். பங்களாவுல வேல செஞ்சவ நீ. அவரு கிட்டார எடுத்துட்டு மலைக்குப் போறத பாத்தேன்னு ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்."

"கிட்டாரு ரூம்ல இருந்துச்சுங்களே."

"ஒங்கம்மா ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தா வேல வேணுமா வேணாமா? வேலக் கணக்குல, செக்ரோல்ல, பேரு இல்லாட்டி நீங்க குடியிருக்கிற இந்தக் காம்பராவும் இல்ல. யோசி. செத்தவனுக்கு இதனால என்னா கொறையப்போவுது?"

நான் யோசிக்கக்கூட இல்லை. போட்டுவிட்டேன்.

உடலைப் பெட்டியில் வைத்து அவர் நாட்டுக்கு அனுப்பினார்கள். பொய் இங்கே தங்கிவிட்டது. சனம் அதை நம்பியே விட்டது. கோயில் திருவிழாவில் சாமி ஏழாம் நம்பர் மலையைத் தாண்டும்போது தப்பு அடிக்கிறவர்களை நிறுத்தச் சொன்னார்கள். ஸ்பீக்கரை அணைத்தார்கள். கூடு எடுத்த மரத்துக்குப் பயந்து சாமி சத்தமில்லாமல் போனது. போனில் பாட்டுப் போட்ட பிள்ளையை அதன் அம்மா அடித்தாள், "வெள்ளக்காரன் மாதிரி சாவப்போறியா?" என்று. நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தும் அந்த நாளைப் பற்றி வாயே திறக்கவில்லை. நான் கையெழுத்துப் போட்டதைச் சொன்னேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து அவருடைய அக்கா வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும், கைத்தடியோடு. சாமான்களை எடுத்துப்போக வந்தவர், தம்பி உட்கார்ந்த இடத்தையெல்லாம் பார்க்க வேண்டும் என்று லயத்துக்கும் வந்துவிட்டார். கண்டாக்கையாவும் கூடவே வந்து நின்றார். அக்கா அவர் மொழியில் போனுக்குள் பேசினார். போனில் ஒரு பெண் குரல் எழுத்துத் தமிழில் சொன்னது:

"என் தம்பி இசைத்துக்கொண்டிருந்தபோது இறந்தான் என்று கடிதத்தில் படித்தேன். பல வருடங்களாக அவன் மகிழ்ச்சியாக இசைக்கவில்லை. அது உண்மை என்றால் எனக்கு அதுவே போதும்."

"ஆமா, ஆமா" என்றார் கண்டாக்கையா. "சொல்லு புள்ள. நீதான பாத்த."

அந்த அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார். ஆமாம் என்று சொன்னால் அவருக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது. வாயைத் திறந்தேன்.

"இல்லம்மா" என்றாள் எங்கள் அம்மா.

"ஏய், ஒனக்கு என்னா தெரியும்? கண்ணு வீங்கிக் கெடந்தவ."

"கண்ணு வீங்குறதுக்கு முன்னுக்குத்தாங்க நடந்துச்சு, கண்டாக்கையா."

அம்மா தேத்தண்ணித் தட்டைக் கீழே வைத்துவிட்டு அந்த அக்காவுக்கு நேராக உட்கார்ந்தாள். போன் இருக்கிற பக்கம் பார்த்துச் சத்தமாகப் பேசினாள், காது கேட்காதவரிடம் பேசுவது போல.

"காத்துக்குக் காஞ்ச கொப்பு ஒண்ணு முறிஞ்சி கூட்டு மேல விழுந்துச்சு. எல்லாரும் படுத்துட்டாங்க. எங் கூடைக் கயிறு தலையில இறுகிச் செடியில மாட்டிக்கிச்சு. குனிய முடியல. நான் கத்திட்டேன். கத்தக்கூடாது, தெரியும், கத்திட்டேன். ஒங்க தம்பி கீழ ரோட்டுக்கு எறங்கிட்டாரு. அவருக்கு ஒண்ணும் இல்ல அப்ப. ஓடுங்க தம்பி, ஓடுங்கன்னு சொன்னேன். அவரு மேல வந்தாரு. கயித்த அறுத்தாரு. என்னையத் தள்ளி, படங்க எந் தலையில போட்டு, மேல படுத்துக்கிட்டாரு. அவரு கையில கிட்டாரு இல்லம்மா. எந் தலைதான் இருந்துச்சு."

போன் குரல் அதை அவர் மொழியில் சொல்லி முடிக்க நிறைய நேரம் எடுத்தது. பிறகு அக்கா மெதுவாகக் கேட்டதைப் போன் குரல் சொன்னது:

"அவன் கடைசியாக ஏதாவது சொன்னானா?"

அம்மா யோசித்தாள். நல்லதாக ஒன்றைச் சொல்லியிருக்கலாம். யார் கண்டது?

"ஒண்ணும் சொல்லலம்மா. மொத குளவி கொட்டுனப்ப அவரு பாசையில என்னமோ ஒண்ணு கத்துனாரு. பொறகு மூச்சுச் சத்தந்தான்."

என்ன கத்தினார் என்று அக்கா கேட்டார். அம்மா அந்தச் சத்தத்தை அப்படியே செய்து காட்டினாள். அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. போன் குரல் சொன்னது:

"அது எங்கள் தகப்பனார் பயன்படுத்தும் மிகவும் கெட்ட வார்த்தை."

நான் சிரித்துவிட்டேன். அப்புறம் அழுதேன். கண்டாக்கையா எப்போது போனார் என்று யாரும் பார்க்கவில்லை. அந்த அக்கா அம்மாவின் தலையைத் தொட்டு, குளவி கொட்டிய தழும்புகளை விரலால் தடவிப் பார்த்தார். நெடுநேரம் எடுத்தார்.

மறுநாள் நான் டவுன் பொலிசுக்குப் போய், கையெழுத்துப் போட்டது பொய்க்கு என்று சொன்னேன். ஒரு பொலிஸ்காரர் எழுதி எடுத்தார். என்ன ஆகும் என்று சொல்லவில்லை. அதற்கு அடுத்த நாள் காலையில் பெரட்டில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும்போது அம்மாவின் பெயரைக் கூப்பிடவில்லை. இன்றைக்குப் பன்னிரண்டாவது நாள். அம்மா தினமும் கூடையை எடுத்துக்கொண்டு போகிறாள், நிற்கிறாள், வருகிறாள். நேற்று இரண்டு பெண்கள், பெயர் கூப்பிட்ட பிறகும் மலைக்குப் போகாமல், கொஞ்ச நேரம் அம்மாவோடு நின்றார்கள். காம்பராவைப் பற்றி இன்னும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் வாசலில் கால் சத்தம் கேட்டால் எழும்பிப் போய் எட்டிப் பார்க்கிறேன்.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அவருக்கு எந்தச் சாமி என்று எனக்குத் தெரியாது, கேட்டபோது சிரித்தார். நீங்கள் உங்கள் சாமியிடமே கேளுங்கள். கோயிலோ, பள்ளிவாசலோ, மாதாவோ, அவருக்காக ஒரு நிமிசம் வேண்டிக்கொள்ளுங்கள். பெயர் தெரியாதே என்று விட்டுவிடாதீர்கள். பாட்டுக்காரர் என்றும் சொல்ல வேண்டாம். எங்கள் அம்மா கத்தியதைக் கேட்டு, கீழே நின்றவர் மேலே ஏறி வந்தார் என்று சொல்லுங்கள். அது போதும், சாமிக்கு ஆள் தெரிந்துவிடும்.